பாட்டோடு படங்களை ஓடவிட எந்தச் சொப்ட்வெயார் எடுக்கலாம்?

மலையகத்தில் இப்போது கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, ஓய்வுபெறும் அதிபருக்குப் பாராட்டு, கருமாதி என்று எந்தக் காரியமானாலும் ஒரு பக்கத்தில் குடும்பப் படங்கள் பாட்டோடு ஓடிக்கொண்டிருக்கின்றன. முன்பெல்லாம் இதை ஸ்டூடியோக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு அல்பத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்வோம். இன்று பெரும்பாலும் வீட்டிலுள்ள ஒரு பிள்ளையின் தலையில் அந்த வேலை வந்து விழுகிறது. ஏ.எல். படிக்கிற தங்கச்சி, கொழும்பில் வேலை செய்துவிட்டு லீவுக்கு வந்த தம்பி, இவர்கள்தான் "எந்த சொப்ட்வெயார் நல்லது அண்ணா?" என்று என்னிடம் கேட்பவர்கள். தேடிப் பார்த்தால் பெயர்கள் வந்து குவிகின்றன. ஒவ்வொன்றும் தன்னைத்தான் முதலாவது என்று சொல்லிக்கொள்கிறது. எதை நம்புவது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்களுக்கு அது போதும். படங்கள் போனிலேயே இருக்கின்றன, ஒரு பாட்டு அளவுக்குத்தான் வேண்டும் என்றால் போனில் வீஎன் (VN) செயலி. வீட்டில் கணினி இருக்கிறது, பழைய படங்களும் சேர்த்து நூற்றுக்குப் பக்கத்தில் வரும் என்றால் ஷொட்கட் (Shotcut) என்ற வீடியோ சொப்ட்வெயார். பாடசாலையில் ஆசிரியர்கள் சேர்ந்து செய்கிற வேலை என்றால், ஏற்கெனவே எல்லோருக்கும் கை பழகிய பவர்பொயிண்ட். மற்றவை எல்லாம் இந்த மூன்றுக்குப் பிறகுதான். ஏன் என்பதை இனிப் பார்ப்போம்.

எதை வைத்து அளப்பது

விளம்பரங்கள் எஃபெக்டின் எண்ணிக்கையைச் சொல்லும். எத்தனை டெம்ப்ளேட், எத்தனை ட்ரான்சிஷன், எத்தனை ஸ்டிக்கர் என்று. நம் தேவைக்கு அவை எதுவும் முக்கியமில்லை. இதயம் பறப்பதும், படம் சுழன்று வந்து விழுவதும் முதல் நிமிடத்தில் அழகாகத் தெரியும், மூன்றாவது நிமிடத்தில் கண் களைத்துவிடும். நான் மூன்று விஷயங்களைப் பார்க்கிறேன்: லைன் (இணையத் தொடர்பு) இல்லாமல் வேலை செய்யுமா, முடிந்த வீடியோவில் தன் பெயரை ஒட்டாமல் விடுமா, தமிழை ஒழுங்காக எழுதுமா.

லைன் விஷயத்தை அதிகம் விளக்கத் தேவையில்லை. மழை பிடித்தால் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் சிக்னல் எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். படங்களை எல்லாம் இணையத்தில் ஏற்றித்தான் வேலை தொடங்க முடியும் என்கிற சேவை, பகல் டேட்டாவை விழுங்கிவிட்டுப் பாதியில் நிற்கும். ஒருமுறை இரவு டேட்டாவில் இறக்கிக்கொண்டால், பிறகு லைனே இல்லாமல் ஓடுகிற சொப்ட்வெயார்தான் இந்த ஊருக்குச் சரி.

வாட்டர்மார்க் அடுத்தது. இலவசம் என்று தொடங்கவைத்து, எல்லாம் முடிந்து சேமிக்கப் போகும்போது திரையின் குறுக்கே தன் பெயரைப் போட்டுவிடும் சொப்ட்வெயார்கள் பல. பில்மோராவின் இலவசப் பதிப்பு அப்படித்தான். தாத்தாவின் நெற்றிக்கு மேல் ஒரு கம்பெனியின் பெயர் நிற்பதை எந்த வீட்டிலும் விரும்பமாட்டார்கள். ஆகவே இரண்டு படத்தையும் ஒரு பாட்டையும் மட்டும் போட்டு, முதலில் சேமித்துப் பாருங்கள். அது சுத்தமாக வந்தால் மட்டும் மிச்ச வேலையைத் தொடங்குங்கள்.

தமிழ் எழுத்துதான் நான் அதிகம் கவனிப்பது. படத்தொகுப்பில் எழுத்து என்றால் பெயர், ஊர், ஆண்டு, தோட்டத்தின் பெயர், அதிகம் போனால் இரண்டு வரி. அந்த இரண்டு வரி பிழையாக நின்றால் வேறெதுவும் கண்ணில் படாது. எந்தச் சொப்ட்வெயாரைத் திறந்தாலும் முதலில் 'கொழுந்து' என்று அடித்துப் பாருங்கள். அப்புறம் 'மௌனம்', 'ஸ்ரீ'. எழுத்துகளைக் கோக்கத் தெரியாத சொப்ட்வெயாரில் 'கொ'வின் ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், அல்லது ஒரு புள்ளிவட்டத்தின் மேல் தனியாக நிற்கும். 'ஸ்ரீ' இரண்டு துண்டாக உடையும். வெளிநாட்டு விமர்சகர் ஐந்து நட்சத்திரம் கொடுத்த சொப்ட்வெயாராக இருந்தாலும், இந்தச் சோதனையில் தோற்றால் நமக்கு அது உதவாது.

நம் ஸ்டூடியோக்களும் அச்சகங்களும் இதற்குப் பழைய வழி ஒன்று வைத்திருக்கின்றன: பாமினி எழுத்துரு. அது யூனிகோட் (இன்று எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான எழுத்து முறை) அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறார்கள், அதனால் தமிழே தெரியாத சொப்ட்வெயாரிலும் ஒழுங்காக விழும். பாமினியில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். ஆனால் வீடியோவாகச் சேமித்துவிட்டால் எழுத்தும் படமாகிவிடுகிறது, எங்கே போட்டாலும் மாறாது. ஆகவே இந்த ஒரு வேலைக்குப் பாமினி தப்பில்லை. அதைவிடச் சுலபமான வழியும் உண்டு. பவர்பொயிண்டில் யூனிகோடிலேயே வரியை அடியுங்கள், அந்தப் பெட்டியின் மேல் ரைட் கிளிக் செய்து படமாகச் சேமியுங்கள். பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக வரும். அதை எந்தச் சொப்ட்வெயாரிலும் புகைப்படத்தின் மேல் வைத்துவிடலாம்.

போய்ச் சேர்ந்தவை இரண்டு

"அந்தப் பழைய மூவி மேக்கர் இன்னும் இருக்கா?" என்று இன்றும் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. அவ்வளவு எளிமையாக எதுவும் பிறகு வரவில்லை. ஆனால் விண்டோஸ் மூவி மேக்கருக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2017 ஜனவரி 10ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது, இறக்கும் பக்கத்தையும் எடுத்துவிட்டது. அதன்பின் அதே பெயரில் உலவியவற்றை நம்பவேண்டாம். அந்த ஆண்டே ஒரு போலி மூவி மேக்கர் உலகம் முழுவதும் பரவியது. வேலை எல்லாம் செய்யவிட்டு, சேமிக்கும் இடத்தில் காசு கேட்டது. பழைய கணினி ஒன்றில் உண்மையான மூவி மேக்கர் இன்னும் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். புதிதாகத் தேடிப் போகாதீர்கள்.

மற்றது புரோஷோ. ஸ்டூடியோக்களில் ஓடிய பல ஸ்லைட்ஷோக்கள் அதில் செய்தவைதான். அதை உருவாக்கிய போட்டோடெக்ஸ் கம்பெனி 2020 ஜனவரி 31இல் மூடப்பட்டது. இன்று கைக்குக் கை பென் ட்ரைவில் வரும் புரோஷோ பூட்டு உடைத்த பிரதி. அதை நிறுவ முதலில் வைரஸ் காவலை நிறுத்தச் சொல்வார்கள். அப்படிச் சொல்லும்போதே வேண்டாம் என்று வைத்துவிட வேண்டும். குடும்பத்தின் படங்கள் எல்லாம் ஒரே கணினியில் இருக்கும்போது அந்தக் கணினியில் காவலை நிறுத்துவது எவ்வளவு பெரிய இழப்புக்கு வழி என்று யோசித்துப் பாருங்கள். இலவசமாக, நேர்மையாகக் கிடைப்பவை இருக்கும்போது திருட்டுப் பிரதிக்கு அவசியமே இல்லை.

பவர்பொயிண்ட்

இதை வீடியோ சொப்ட்வெயாராக யாரும் நினைப்பதில்லை, ஆனால் நன்றாக வேலை செய்கிறது. 'இன்சர்ட்' பகுதியில் 'போட்டோ அல்பம்' என்று ஒன்று இருக்கிறது. எல்லாப் படங்களையும் ஒரேயடியாகத் தெரிவுசெய்தால் ஒரு பக்கத்துக்கு ஒன்றாகத் தானே அடுக்கித் தந்துவிடும். பாட்டை முதல் பக்கத்தில் வைத்து 'பிளே இன் பேக்கிரவுண்ட்' என்பதை அழுத்தினால் கடைசிவரை ஓடும். தமிழ் எந்தச் சிக்கலும் இல்லாமல் விழும். 2010 பதிப்பிலிருந்து வீடியோவாகச் சேமிக்கலாம், 2013இலிருந்து எம்பி4 ஆகவே வரும்.

இதன் பலம், நாலு பேர் சேர்ந்து செய்யலாம் என்பது. அதிபருக்குப் பிரியாவிடை என்றால் ஒரு ஆசிரியை படங்களை அடுக்குவார், தமிழ்ப் பாட ஆசிரியர் வாசகங்களைத் திருத்துவார், கடைசி நேரத்தில் வலயக் கல்விப் பணிப்பாளரின் படத்தையும் சேர்க்கவேண்டும் என்று ஒருவர் வருவார். எல்லோருக்கும் தெரிந்த சொப்ட்வெயாராக இருந்தால்தான் இது நடக்கும்.

பலவீனம், பாட்டோடு நேரத்தைப் பொருத்துவது. இதைக் கொஞ்சம் கணக்காகவே பார்க்கவேண்டும், ஏனென்றால் பாட்டு முடிந்த பிறகும் மௌனமாக ஓடும் படங்களும், பாதியில் அறுபடும் பாட்டும் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன. பாட்டு நாலரை நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அது 270 விநாடி. பவர்பொயிண்டில் படம் நிற்கும் நேரம் 4 விநாடி, மாறும் நேரம் 1 விநாடி என்று கொடுத்தால், இரண்டும் கூடும். ஒரு படத்துக்கு 5 விநாடி, ஆக 54 படம்தான் கொள்ளும். வீடியோ சொப்ட்வெயார்களில் கணக்கு வேறு. அங்கே ஒரு படம் மறைகிற அதே நேரத்தில் அடுத்தது தோன்றுகிறது, அந்த 1 விநாடியை இரண்டு படங்களும் பகிர்ந்துகொள்கின்றன. 5 விநாடிப் படம் ஒன்று உண்மையில் 4 விநாடிதான் எடுக்கிறது. அதே பாட்டுக்கு 67 படம் வேண்டும். ஒன்றில் போட்ட கணக்கை மற்றதற்கு அப்படியே கொண்டுபோனால் முடிவில் ஒரு நிமிடம் வரை இடறும்.

இரண்டு மூன்று பாட்டு மாறி மாறி வரவேண்டும், ஒன்று அடங்கும்போது மற்றது மெதுவாக எழவேண்டும் என்றால் பவர்பொயிண்டை விட்டுவிடுங்கள். அதற்கு அது சரிப்படாது.

ஷொட்கட்

என் மனதுக்குப் பிடித்தது இதுதான். இலவசம், திறந்த மூலம், வாட்டர்மார்க் கிடையாது, கணக்குத் திறக்கச் சொல்லாது, ஒருமுறை இறக்கினால் லைன் தேவையில்லை. விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். எழுத்துகளைக் கோக்கும் முறை சரியாக இருப்பதால் தமிழ் யூனிகோட் நேரடியாக விழுகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவிக்கொண்டால் தூரத்திலிருந்து வாசிப்பவருக்கும் தெளிவாகத் தெரியும்.

முதல் தடவை திறந்தால் பயமாகத்தான் இருக்கும், அத்தனை பெட்டிகள். ஆனால் ஸ்லைட்ஷோவுக்கு அதில் ஒரு குறுக்குவழி இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. முதலில் 'செட்டிங்ஸ்' பகுதியில் வீடியோ முறையை 1080பி (முழு எச்டி) என்று வையுங்கள். படங்களை எல்லாம் 'பிளேலிஸ்ட்' பெட்டிக்குள் இழுத்துப் போடுங்கள். எல்லாவற்றையும் தெரிவுசெய்து, அந்தப் பெட்டியின் மெனுவில் 'அட் செலெக்டட் டு ஸ்லைட்ஷோ' என்பதை அழுத்துங்கள். ஒரு சின்னச் சாளரம் திறக்கும். ஒவ்வொரு படமும் எத்தனை விநாடி, மாறும் நேரம் எவ்வளவு, மெதுவாக நெருங்கிவரும் அசைவு எத்தனை வீதம் என்று அதிலேயே கொடுத்துவிடலாம். ஓகே கொடுத்தால் படங்கள் வரிசையாக டைம்லைனில் (படமும் பாட்டும் நேர வரிசையில் நிற்கும் பட்டையில்) வந்து உட்கார்ந்துவிடும். கீழே பாட்டை இழுத்துப் போட்டு, முடிவில் சத்தத்தை அடங்கவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அந்தச் சாளரத்தில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. படத்தின் அளவு திரைக்குப் பொருந்தாதபோது என்ன செய்வது என்று கேட்கும். நடுவை வைத்து ஓரத்தை வெட்டும்படி கொடுத்தால் திரை முழுக்க நிறையும், ஆனால் நெடுக்காக எடுத்த படங்களில் தலை போய்விடும். ஸ்டூடியோவில் திரைச்சீலைக்கு முன் விறைப்பாக நிற்கிற அந்தக்காலப் படங்கள் எல்லாம் நெடுக்குப் படங்கள்தான். ஆகவே பழைய படங்களுக்கு இரு பக்கமும் கறுப்பு விட்டு முழுப் படமும் தெரியும்படி வையுங்கள். கறுப்பு ஒன்றும் குறையில்லை. மேலிருந்து கீழாக மெதுவாக நகரும்படி வைக்கவும் வழி இருக்கிறது, ஒரே ஆள் நிற்கும் படத்துக்கு அது அழகாக வரும்.

ஷொட்கட் தன் கோப்பில் படங்களை வைத்துக்கொள்வதில்லை, அவை எங்கே இருக்கின்றன என்பதை மட்டும்தான் குறித்துக்கொள்கிறது. பாதி வேலையில் படங்களை வேறு ஃபோல்டருக்கு மாற்றினால், அல்லது பென்னில் இருந்தபடியே வேலை செய்துவிட்டுப் பென்னைக் கழற்றினால், எல்லாம் காணாமல் போனதாகச் சொல்லும். முதலிலேயே ஒரு ஃபோல்டர் திறந்து படம், பாட்டு, வேலைக் கோப்பு மூன்றையும் அதற்குள் வைத்துவிடுங்கள். படங்களுக்கு 001, 002 என்று பெயர் மாற்றி வைத்தால் வரிசையும் குழம்பாது. கரண்ட் போய் வந்தால், தானாகச் சேமித்து வைத்ததை மீட்கவா என்று கேட்கும். இடி மின்னல் காலத்தில் இது சின்ன உதவியல்ல.

எச்டி வேலைக்கு 8 ஜிபி ரெம் இருந்தால் சிரமம் இல்லை. அதற்குக் குறைந்த லெப்டொப் என்றால் போன் கெமராவின் பெரிய படங்களை முதலில் 1920 புள்ளி அகலத்துக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள். 1080பி திரையில் அதற்கு மேல் தெரியப்போவதில்லை, கணினியும் இழுத்துக்கொண்டு நிற்காது.

இதே இனத்தைச் சேர்ந்த கேடென்லைவும் ஓப்பன்ஷொட்டும் நல்லவை, இலவசம். ஏற்கெனவே அவற்றில் பழகியவர் மாறவேண்டியதில்லை. டாவின்சி ரிசோல்வ் பற்றியும் கேட்கிறார்கள். சினிமாக்காரர்கள் பயன்படுத்தும் சொப்ட்வெயார், அதன் இலவசப் பதிப்பே பிரமாதம். ஆனால் 16 ஜிபி ரெம்மும் தனி கிராபிக்ஸ் கார்டும் இல்லாமல் அதில் இறங்காதீர்கள். வீடியோ தொழிலுக்குப் போகும் எண்ணம் உள்ள பிள்ளை கற்றுக்கொள்ளட்டும், வருகிற ஞாயிற்றுக்கிழமை கருமாதிக்கு அது வேண்டாம்.

கிளிப்செம்ப்

விண்டோஸ் 11 கணினியில் இது ஏற்கெனவே இருக்கும். மைக்ரோசொப்ட் 2021இல் வாங்கியது. பார்க்கவும் பழகவும் எளிது, 1080பி வரை வாட்டர்மார்க் இல்லாமல் இலவசமாகச் சேமிக்கலாம். லைன் நன்றாக உள்ள நுவரெலியா, பதுளை டவுன் வீடுகளில் நான் இதையே சொல்வேன். தோட்டப் பக்கம் சொல்லமாட்டேன், திறப்பதற்கே இணையமும் மைக்ரோசொப்ட் கணக்கும் வேண்டும். 'கொழுந்து' சோதனையையும் மறக்காதீர்கள்.

போனில்

பல வீடுகளில் கணினியே இல்லை, இருக்கிற நல்ல கருவி போன்தான். அதை ஒரு குறையாக நினைக்கவேண்டாம். மூன்று நான்கு நிமிட வீடியோவுக்குப் போன் தாராளமாகப் போதும். ஆண்ட்ரொய்டிலும் ஐபோனிலும் தமிழ் பொதுவாக ஒழுங்காக விழுகிறது. அலங்கார எழுத்துரு என்று எதைத் தெரிவுசெய்தாலும் தமிழ் மட்டும் மாறாமல் ஒரே வடிவில் நிற்கும், ஏனென்றால் அந்த எழுத்துருக்களில் தமிழ் இல்லை. அப்படி நிற்பதே வாசிக்க நல்லது.

கெப்கட் எல்லோர் போனிலும் இருக்கிறது. வசதிகளில் அதுதான் முதலாவது. ஆனால் நல்ல எஃபெக்டுகள் பல இப்போது புரோ பதிப்புக்குப் போய்விட்டன. தெரியாமல் ஒன்றைப் போட்டுவிட்டால் சேமிக்கும் நேரத்தில் காசு கேட்டு நிற்கும், எதைப் போட்டோம் என்று தேடி எடுக்கவேண்டும். முடிவில் தன் பெயரோடு ஒரு துண்டையும் ஒட்டிவிடும். டைம்லைனில் அதைத் தொட்டு நீக்கிவிடலாம், பலர் நீக்காமலே மண்டபத்தில் ஓடவிடுகிறார்கள். டெம்ப்ளேட் எடுத்தால் அது ஏதோ ஒரு வேகப் பாட்டுக்காகச் செய்தது, அரை விநாடிக்கு ஒரு முகம் என்று பறக்கும். குடும்பப் படங்களுக்கு டெம்ப்ளேட் வேண்டவே வேண்டாம்.

இன்ஷொட் இலவசத்தில் வாட்டர்மார்க் போடும், விளம்பரம் பார்த்தால் எடுத்துவிடலாம். பரவாயில்லை. கூகிள் போட்டோஸ் தானே படங்களைத் தெரிவுசெய்து வீடியோ செய்து தரும், ஆனால் எந்த முகம் முக்கியம் என்று அதற்கு எப்படித் தெரியும்? மாமாவை விட்டுவிட்டு வாழைமரத்தை இரண்டு முறை காட்டும். ஐபோன் வைத்திருப்பவருக்கு ஐமூவி இலவசம், சுத்தமானது.

வீஎன்னை முதலில் சொன்னதற்குக் காரணம், இலவசத்திலேயே வாட்டர்மார்க் இல்லை, பாட்டையும் படத்தையும் தனித்தனி வரியில் வைத்து விநாடிக் கணக்கில் இழுத்துச் சரிசெய்யலாம், எல்லாம் போனுக்குள்ளேயே நடக்கிறது. கணினியில் பழகுவதற்கும் இது நல்ல முதல் படி, டைம்லைன் என்றால் என்ன என்பது இதிலேயே விளங்கிவிடும். சுமார் நாற்பது ஐம்பது படத்துக்கு மேல் போனால் சின்னத் திரையில் விரலால் வரிசை மாற்றுவது பெரிய தொல்லை. அந்த இடத்தில் கணினிக்கு மாறிவிடுங்கள்.

படங்கள் எப்படி வந்து சேர்கின்றன

சொப்ட்வெயார் எதுவானாலும், உள்ளே போகும் படம் மங்கலாக இருந்தால் வெளியே வருவதும் மங்கல்தான். சொந்தக்காரர்கள் எல்லோரும் வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். டொகியுமெண்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள், எடுத்தபடியே வந்து சேரும்.

பழைய படங்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். எங்கள் வீடுகளில் படங்கள் அதிகம் இல்லை. லயத்து அறையில் ட்ரங்குப் பெட்டியின் அடியில், பிறப்புச் சான்றிதழோடும் அடையாள அட்டையோடும் சேர்த்து வைத்த நாலைந்துதான் இருக்கும். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பாதிக் குடும்பம் இந்தியாவுக்குப் போகும் முன் எல்லோரும் ஒன்றாக நின்று எடுத்த படம் அதில் ஒன்றாக இருக்கலாம். ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, ஓரத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கும். அதைப் போனால் சும்மா எடுத்தால் மின்குமிழின் பளபளப்பு முகத்தில் விழும். டவுனில் கொமினிகேஷன் கடையில் ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் கடிதம் ஸ்கேன் செய்யும் அளவில்தான் செய்து தருவார்கள். அடையாள அட்டைக்கு எடுத்த 35 மில்லிமீற்றர் அகலப் படம் 600 டிபிஐயில்கூட 827 புள்ளி அகலம்தான் வரும். 300இல் அதிலும் பாதி, திரையில் முகம் கட்டம் கட்டமாக உடையும். ஸ்கேனர் இல்லையென்றால் கூகிளின் போட்டோஸ்கேன் செயலி இலவசம். நாலு மூலையிலிருந்தும் எடுத்துச் சேர்த்துப் பளபளப்பை நீக்கிவிடும். படத்தின் பின்பக்கத்தையும் ஒரு முறை எடுத்து வையுங்கள், ஆண்டும் பெயரும் அங்கேதான் எழுதியிருக்கும்.

எத்தனை விநாடி வைப்பது என்று கேட்டால், புதிய படத்துக்கு 4, பழைய படத்துக்கு 7 என்பேன். அம்மாயி ஒரு முகத்தைக் கண்டு "இது நம்ம பெரியவருடைய தங்கச்சி இல்ல?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி முடிப்பதற்குள் படம் மாறிவிடக்கூடாது.

பாட்டு

ஸ்பொட்டிபையிலோ யூடியூப் மியூசிக்கிலோ இறக்கி வைத்த பாட்டு அந்தச் செயலிக்குள் மட்டும்தான் ஓடும், வீடியோவில் போட முடியாது. தனி எம்பி3 கோப்பாக உங்களிடம் இருக்கவேண்டும். வீட்டுக்குள் ஓடவிடும்வரை சிக்கல் வராது. பேஸ்புக்கிலும் யூடியூப்பிலும் போடும்போதுதான் வரும். சினிமாப் பாட்டு என்றால் யூடியூப் அதைத் தானே அடையாளம் கண்டு உரிமையாளருக்கு அறிவித்துவிடும், பேஸ்புக் சத்தத்தை நிறுத்திவிடும். நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இசைக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. ஆகவே இரண்டு பிரதி செய்யுங்கள்: வீட்டுக்குப் பிடித்த பாட்டோடு ஒன்று, இணையத்துக்கு யூடியூப் ஓடியோ லைப்ரரியில் இலவசமாகக் கிடைக்கும் இசையோடு ஒன்று. ஷொட்கட்டில் பாட்டு வரியை மட்டும் மாற்றி மறுபடி சேமித்தால் போதும், படங்களைத் தொடவேண்டியதில்லை.

அதைவிட நான் விரும்புவது, வீட்டில் பாடத் தெரிந்த பெரியவர் இருந்தால் அவர் பாடுவதைப் பதிவுசெய்து போடுவது. தாலாட்டு, கும்மிப் பாட்டு, கொழுந்து பறிக்கும்போது பாடுவது, எதுவானாலும். போனை அவருக்கு ஒரு முழம் தள்ளி, துணி விரித்த மேசையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டுப் பதிவுசெய்யுங்கள். தகரக் கூரையில் மழை பெய்யாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்தில் ஓடவிடும் முன்

ஷொட்கட், பவர்பொயிண்ட், வீஎன் எதில் செய்தாலும் எம்பி4 ஆகச் சேமியுங்கள். வகை கேட்டால் எச்.264, சத்தத்துக்கு ஏஏசி. சில போன்கள் எச்இவிசி என்ற புதிய வகையில் சேமிக்கும், அது பழைய டிவிகளில் ஓடாமல் போகலாம். பென்னை எஃப்ஏடி32 முறையில் ஃபோர்மட் செய்திருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. 1080பியில் பத்து நிமிட வீடியோ அந்த அளவுக்கு வரவே வராது, ஆகவே பயம் இல்லை. எழுத்துகளைத் திரையின் விளிம்புவரை கொண்டுபோகாதீர்கள், சில டிவிகள் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிவிடும்.

கூடலூரிலும் கோத்தகிரியிலும் உள்ள சொந்தங்களுக்கு அனுப்பும்போதும் வட்ஸ்அப்பில் டொகியுமெண்ட் ஆகவே அனுப்புங்கள். 2 ஜிபி வரை போகும், முகங்கள் மங்காது. மண்டபத்துக்கு முதல் நாளே போய், ஓடப்போகிற அதே டிவியில் அதே பென்னைச் செருகி முதல் இரண்டு நிமிடமும் கடைசி இரண்டு நிமிடமும் பாருங்கள். படம் வந்து சத்தம் மட்டும் வரவில்லை என்றால், சத்தத்தின் வகையை ஏஏசி என்று மாற்றி இன்னொரு முறை சேமித்துக்கொண்டு வர இரவு முழுக்க நேரம் இருக்கும்.